பாரிஸிலிருந்து வைன் ருசிக்கப் போவதென்றால் எங்கே போவது?

வைன் ருசி பார்க்கப் பொதுமக்களை உள்ளே விடும் நிகழ்ச்சிகள் பிரான்ஸில் வருஷம் முழுக்க நடக்கின்றன. விளம்பரத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஒரு நுழைவுச்சீட்டு, ஒரு கிளாஸ், நிறையப் போத்தல்கள். உள்ளே போனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஓரிடத்தில் வைனைச் செய்தவரே நின்று ஊற்றித் தருவார். இன்னோரிடத்தில் கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். வேறோரிடத்தில் அருமையான வைன் கிடைக்கும், ஆனால் ஒரு பெட்டி வாங்கிவர வழியிருக்காது.

முதலில் இரண்டைக் கழித்துவிடலாம். பெப்ரவரியில் நடக்கும் 'வைன் பாரிஸ்' தொழில்துறையினருக்கானது. கடையோ உணவகமோ நடத்துபவர் என்று காட்டினால்தான் அனுமதி. செப்டெம்பரில் சூப்பர் மார்க்கெட்டுகள் போடும் வைன் மலிவு விற்பனையில் விலை நன்றாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ருசி பார்க்காமல் லேபிளை நம்பித்தான் வாங்க வேண்டும். மிஞ்சுவது நான்கு வழிகள். ஒன்று, தனித் தோட்டக்காரர்களின் 'சலோன் தே வின்யெரோன் ஆந்தேபொந்தொன்'. இரண்டு, 'கிராண்ட் டேஸ்டிங்' போன்ற தேர்ந்தெடுத்த வைன்களின் கண்காட்சி. மூன்று, பூர்கோன் (பர்கண்டி), ஜூரா, போர்தோ பகுதி ஊர்களில் தெருவிலேயே நடக்கும் திருவிழாக்கள். நான்கு, நேரே தோட்டக்காரரின் நிலவறைக்கே போய்விடுவது.

முதல் தடவை போகிறவருக்கும், வருஷத்துக்கு வேண்டிய வைனை ஒரேயடியாக வாங்கிவைக்க நினைப்பவருக்கும் முதலாவதுதான் சரி. மற்ற மூன்றுக்கும் தனித்தனித் தேவை உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம். சலோனைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலரும் அங்கே போய் இரண்டு மணி நேரத்தில் நாக்கு மரத்து, எது பிடித்தது என்று நினைவில்லாமல், கிடைத்ததை வாங்கித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கொஞ்சம் திட்டமிட்டால் அப்படி ஆகாது.

சலோன்: செய்தவரே ஊற்றும் இடம்

பாரிஸின் பெரிய சலோன் நவம்பர் கடைசியை ஒட்டி போர்த் து வெர்சாய் கண்காட்சி அரங்கில் நடக்கும். வசந்த காலத்திலும் பாரிஸில் ஒன்று உண்டு. ஸ்திராஸ்பூர், லியோன், லில் போன்ற நகரங்களிலும் நடத்துகிறார்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கத்தவர்களுக்கு வழி மிகச் சுலபம்: மார்க்ஸ் தொர்முவாவில் 12ஆம் இலக்க மெத்ரோவில் ஏறினால் மாறாமலே போய் இறங்கலாம். நுழைவுக் கட்டணம் சில யூரோக்கள்தான், அதிலேயே ருசி பார்க்கும் கிளாஸும் அடக்கம். முன்பு வாங்கிய வாடிக்கையாளர்களுக்குத் தோட்டக்காரர்கள் இலவச அழைப்பிதழ் அனுப்புவதும் வழக்கம். ஆகவே ஒருமுறை வாங்கும்போது முகவரியைக் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷச் சீட்டு வீடு தேடி வரும்.

இங்கே மேசை போட அனுமதி பெறுபவர் தன் திராட்சையைத் தானே பயிரிட்டு, தானே வைனாக்கி, தானே போத்தலில் அடைத்து, தானே விற்பவராக இருக்க வேண்டும். மற்றவர்களிடம் வைன் வாங்கி விற்கும் பெரிய வணிக நிறுவனங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இடமில்லை. பீப்பாயைச் சுமந்து நடக்கும் மனிதனின் உருவம்தான் இவர்களின் சின்னம். போத்தல் மூடியுறையில் அதைக் காணலாம். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் 2021இல் ஏப்ரல் உறைபனி உங்கள் கொடியை எவ்வளவு பாதித்தது, இந்த வைன் மரப் பீப்பாயில் எத்தனை மாதம் இருந்தது, இப்போதே திறக்கலாமா, மூன்று வருஷம் வைக்கலாமா என்று எதைக் கேட்டாலும் பதில் வரும். கடையில் இந்தப் பதில் கிடைக்காது.

எப்போது போவது என்பது எதைக் குடிப்பது என்பதைவிட முக்கியம். சனிக்கிழமை பிற்பகல் போனால் ஒவ்வொரு மேசைக்கும் மூன்று வரிசை ஆட்கள் நிற்பார்கள். தோட்டக்காரருக்கு ஊற்ற மட்டும்தான் நேரமிருக்கும், பேச இருக்காது. வார நாளில் காலை கதவு திறக்கும் நேரத்தில் போங்கள். மூக்கும் நாக்கும் காலையில்தான் கூர்மை, அதுவும் சாப்பாட்டுக்கு முந்தைய பசி வேளையில். வெறும் வயிறாக மட்டும் போய்விடக் கூடாது. இட்லியோ முட்டையோ பாணும் வெண்ணெயுமோ சாப்பிட்டிருந்தால் மது இரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். அன்று காலை ஊறுகாய், இடிச்ச சம்பல், பச்சை மிளகாய் மட்டும் வேண்டாம். காரம் நாக்கில் இருக்கும்போது மதுவின் எரிவு இரட்டிப்பாகத் தெரியும். நல்ல சிவப்பு வைன்கூடச் சாராயம் போலச் சுடும். பல் தேய்த்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பற்பசையிலுள்ள நுரைப்பொருள் இனிப்பை மறைத்துக் கசப்பைத் தூக்கிக் காட்டும். வாசனைத் திரவியம் பூசாமல், மல்லிகை வைக்காமல் போவது உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் செய்யும் உதவி.

இருபது மிடறின் கணக்கு

மேசையில் ஊற்றுவது பொதுவாக 3 சென்டிலீட்டர் அளவு. கிளாஸில் அடியை நனைத்ததுபோலத்தான் இருக்கும், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 சதவீத வைன் 30 மில்லிலீட்டரில் சுமார் 3 கிராம் மது. இருபது வைனை விழுங்கினால் 60 சென்டிலீட்டர், அதாவது ஒரு போத்தலில் ஐந்தில் நான்கு பங்கு, 60 கிராமுக்கு மேல் மது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு, மூன்று நான்கு மணி நேரத்தில் உடல் கரைத்துவிடுவதைக் கழித்தாலும், இரத்தத்தில் லீட்டருக்கு 0.5 கிராம் என்ற சாரதிகளுக்கான எல்லையை இது தாண்டிவிடும். புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களுக்கு எல்லை 0.2 கிராம்தான், அவர்களுக்கு ஓரிரண்டு கிளாஸே அதிகம். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இதே வைனால் இரத்தத்தில் மதுவின் அளவு இன்னும் உயரும்.

ஆகவே துப்ப வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் படிக்கம் வைத்திருப்பார்கள், நடைவழிகளிலும் இருக்கும். நம்மவர்களில் பலர் வெட்கப்பட்டு விழுங்கிவிடுகிறார்கள், அல்லது ஊற்றிக் கொடுத்தவரின் மனம் நோகும் என்று நினைக்கிறார்கள். அங்கே நிலைமை நேர் எதிர். துப்புகிறவரைத்தான் தோட்டக்காரர் கவனமாகப் பார்த்து, மேசைக்கு அடியிலிருக்கும் நல்ல போத்தலை எடுப்பார். முதல் நாள் வீட்டில் கைகழுவும் தொட்டியில் தண்ணீரை வைத்துப் பழகலாம். உதட்டைக் குவித்து, கன்னத்தை உள்ளே இழுத்து, நாக்கால் தள்ளி ஒரே தாரையாக விட வேண்டும். வாயைத் திறந்து விட்டால் தாடையில் வழியும். கழுத்துத் துணியும் கழுத்துப்பட்டியும் முன்னே தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு அல்லது கருநீலச் சட்டை நல்லது. துப்பினாலும் வாயின் உட்தோல் வழியாகவும், தெரியாமல் இறங்கும் துளிகளாலும் கொஞ்சம் மது உள்ளே போகத்தான் செய்யும். கார் எடுத்துப் போகாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். கர்ப்பிணிகள் துப்பினாலும் வேண்டாம்.

ஒரு வைனை ருசிக்க ஒன்றரை நிமிஷம் போதும். கிளாஸைக் காம்பில் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும், கையிலிருக்கும் சோப்பு மணமும் மூக்குக்கு வரும். முதலில் ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு சுழற்றி முகருங்கள். இரண்டு தேக்கரண்டி அளவை வாயில் எடுத்து, இதழிடுக்கால் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, ஐந்தாறு நொடி வாயெங்கும் உருட்டித் துப்புங்கள். துப்பியபின் மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு நொடியை ஒரு 'கொதாலி' என்பார்கள். மூன்று நான்கோடு அறுந்துபோவது அன்றாட வைன். பத்தைத் தாண்டினால் அந்தப் போத்தலின் விலையை விசாரிக்கலாம்.

ஒரு வைனுக்கும் அடுத்த வைனுக்கும் இடையே கிளாஸைத் தண்ணீரால் கழுவ வேண்டாம். அடியில் நிற்கும் தண்ணீர் அடுத்த 3 சென்டிலீட்டரை நீர்க்கச் செய்துவிடும். வெள்ளையிலிருந்து சிவப்புக்குப் போகையில் அடுத்த வைனிலேயே சில துளி விட்டுச் சுழற்றி ஊற்றிவிடுங்கள். தண்ணீரை வாய்க்கு வையுங்கள். அரை லீட்டர் போத்தலும் வெறும் பாணும் பையில் இருக்கட்டும். அங்கே சீஸ் விற்பார்கள், வாசனை இழுக்கும். ருசி பார்த்து முடியும்வரை வேண்டாம். சீஸின் கொழுப்பும் உப்பும் துவர்ப்பை மூடிவிடும். முரட்டு வைனும் அப்போது மென்மையாகத் தெரியும், வீட்டில் வந்து திறந்தால்தான் உண்மை விளங்கும்.

வரிசையும் முக்கியம். நுரைக்கும் வைன், இனிப்பில்லா வெள்ளை, ரோஸே, இலேசான சிவப்பு, துவர்ப்பு மிகுந்த சிவப்பு, கடைசியில் இனிப்பு வைன் என்பது பொது ஒழுங்கு. பூர்கோன் மேசைகளில் சிலர் சிவப்பை முதலில் ஊற்றி வெள்ளையைப் பின்னால் தருவார்கள். அங்கத்தைய வெள்ளையின் புளிப்பும் கனமும் மெல்லிய சிவப்பை அமுக்கிவிடும் என்பதால் அப்படி. அவர் தரும் ஒழுங்கில் போங்கள். ஆனால் ஒரு மேசையில் சிவப்பு முடித்துவிட்டு அடுத்த மேசையில் வெள்ளைக்குத் திரும்பினால் நாள் குழம்பிவிடும். காலை முழுக்க ஷாம்பேன், லுவார், அல்சாஸ் வெள்ளைகள்; நண்பகலுக்குப் பின் சிவப்புகள் என்று பிரித்துக்கொள்வது நல்லது. துவர்ப்பு உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதைத் திரித்துவிடும். வாய் காய்ந்துபோவது அதனால்தான். மதிரான், கஹோர், இளம் போர்தோ என்று பத்துப் பன்னிரண்டு தொடர்ந்து போனால் அதற்குப் பிறகு எல்லாமே கரடாகத் தெரியும். அது வைனின் குற்றமல்ல. வெளியே போய் இருபது நிமிஷம் காற்று வாங்கி, தண்ணீர் குடித்து, பாண் சாப்பிட்டுவிட்டு வந்தால் நாக்கு திரும்பும்.

ஒரு நாளுக்கு எட்டுப் பத்து மேசை, மேசைக்கு மூன்று வைன் என்பதே நிதானமான அளவு. கண்காட்சியின் இணையப் பக்கத்தில் தோட்டக்காரர் பட்டியலும் அரங்கு வரைபடமும் முன்கூட்டியே வரும். முதல் நாள் இரவே இரண்டு பிரதேசத்தைத் தேர்ந்து, மேசை எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பிரதேசத்தின் ஒரே வகை வைனை, சான்செர் என்று வைத்துக்கொள்வோம், நான்கு மேசைகளில் அடுத்தடுத்து ருசித்தால் கற்றுக்கொள்வது அதிகம். பக்கத்துப் பக்கத்து மண், ஒரே திராட்சை, ஒரே வருஷம், நான்கு கைகள். இந்த வாய்ப்பை வேறெந்த நிகழ்ச்சியும் இவ்வளவு எளிதாகத் தராது.

குறிப்பெடுக்காமல் இருக்காதீர்கள். கைபேசியில் லேபிளைப் படமெடுத்தால் மட்டும் போதாது. பதினைந்தாவது படத்துக்குப் பிறகு எது எது என்று தெரியாது. விலைப்பட்டியல் தாளை எடுத்து அந்த வரியின் பக்கத்தில் ஒரு சொல், ஒரு மதிப்பெண் எழுதுங்கள். 'புளிப்பு அதிகம், மீனுக்கு, 7' என்றால் போதும்.

ஒரு வைனில் நனைந்த அட்டைப்பெட்டி மணமோ பூஞ்சை பிடித்த நிலவறை வாடையோ வந்தால் அது தக்கையால் வந்த கெடுதல். அந்தத் தோட்டத்தின் தரமென்று எண்ணி நகர்ந்துவிடாதீர்கள். மெதுவாகச் சொன்னால் அவரே முகர்ந்து பார்த்து வேறு போத்தல் திறப்பார். பலர் நன்றியும் சொல்வார்கள். கூட்டத்தால் அரங்கு சூடேறுவதால் மாலையில் சிவப்புகள் 22 பாகைக்கு மேல் போய்விடும். அப்போது மது முன்னே நிற்கும், பழமணம் பின்வாங்கும். வெள்ளையைப் பனிக்கட்டி வாளியிலிருந்து நேரே ஊற்றினால் மணமே வராது. கிளாஸை உள்ளங்கையில் ஒரு நிமிஷம் பொத்தி வைத்துப் பிறகு முகருங்கள்.

எங்கள் சாப்பாட்டுக்கு எது?

சலோனின் மிகப்பெரிய பயன் இதில்தான். மிளகாயும் புளியும் உள்ள கறிக்கு எந்த வைன் பொருந்தும் என்று பிரெஞ்சு வழிகாட்டிகள் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. காரத்தோடு சேரும்போது துவர்ப்பும் மதுவும் எரியும், இலேசான இனிப்பு ஆற்றும். அதனால் இளம் மெதோக் சிவப்பையோ 14.5 சதவீத ரோன் வைனையோ ஆட்டிறைச்சிக் கறிக்குத் திறந்தால் இரண்டும் கெடும். அல்சாஸின் பினோ கிரி, கெவுர்த்ஸ்திராமினர், வூவ்ரேயின் தெமி-செக் (அரை இனிப்பு) ஆகிய மேசைகளுக்குப் போய், லீட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று கேளுங்கள். பத்திலிருந்து இருபதுக்குள் சொன்னால், கூடவே புளிப்பும் நன்றாக இருந்தால், கோழிக்கறிக்கும் இறால் குழம்புக்கும் நிற்கும். அல்சாஸில் அண்மைய வருஷ லேபிள்களிலேயே செக், தெமி-செக், முவலே, தூ என்று, இனிப்பில்லாததிலிருந்து மிக இனிப்பானது வரை, எழுதியிருக்கும். சிவப்புத்தான் வேண்டுமென்றால் துவர்ப்புக் குறைந்த பொஜோலே, லுவார் கமே போன்றவற்றைக் கொஞ்சம் குளிரவைத்துக் கொடுக்கலாம். ஷாம்பேனில் புருத் என்றால் லீட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை, தெமி-செக் என்றால் 32 முதல் 50 வரை. பொரித்த வடைக்கும் கட்லட்டுக்கும் புருத். கேக் வெட்டும் நேரத்துக்குத் தெமி-செக்.

வாங்குவதும் சுமப்பதும்

ருசி பார்ப்பதற்குக் காசில்லை, வாங்க வேண்டுமென்ற கட்டாயமுமில்லை. ஆனாலும் பிடிக்காத மேசையில் ஆறு வைனையும் ஊற்றச் சொல்லி நிற்பது முறையல்ல; இரண்டோடு நன்றி சொல்லி நகரலாம். விலை தோட்டத்தில் கொடுக்கும் விலைக்கு நெருக்கமாக இருக்கும். ஆறு அல்லது பன்னிரண்டு என்று வாங்கும்போது ஒரு போத்தல் கூடத் தருவதோ சில்லறையைக் கழிப்பதோ உண்டு. கேட்பதில் தவறில்லை, மல்லுக்கட்டுவதில்தான் தவறு. அவர் நடுவில் கடைக்காரரை வைக்காமல் விற்பவர்.

காலையில் ருசித்து எழுதிக்கொண்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து வாங்குவது நல்ல முறை. கொண்டுவந்த இருப்பு தீர்ந்துபோகக்கூடிய சிறு தோட்டமாக இருந்தால் மட்டும் அப்போதே பணம் கட்டிப் பெட்டியில் பெயர் எழுதி வையுங்கள்.

எடையை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. நிரம்பிய சாதாரணப் போத்தல் 1.2 முதல் 1.3 கிலோ, ஆறு போத்தல் பெட்டி எட்டுக் கிலோவுக்குக் கிட்ட. ஷாம்பேன் போத்தல் அழுத்தம் தாங்கத் தடித்த கண்ணாடி என்பதால் ஒன்றே 1.6 கிலோ, ஆறு சேர்ந்தால் பத்தைத் தொடும். இரண்டு சக்கரத் தள்ளுவண்டியும் இரண்டு இழுபட்டிகளும் கொண்டுபோங்கள்; அங்கே பாதிப் பேர் அதோடுதான் வருவார்கள். மெத்ரோவில் படிக்கட்டுகள் இருப்பதை மறக்க வேண்டாம். ஒருவர் தனியாக ஏற்றியிறக்கக்கூடியது மூன்று ஆறு-பெட்டி. அதற்கு மேல் வேண்டுமென்றால் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மூன்று நான்கு குடும்பமாகச் சேர்ந்து ஒரே தோட்டத்தில் எழுதினால் போக்குவரத்துச் செலவு பிரிந்து குறையும்.

சட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை இருக்கிறதே, அது கண்காட்சியில் வாங்கும் பொருளுக்குக் கிடையாது. வாங்கிவிட்டால் வாங்கியதுதான். ஆகையால் பெரிய தொகைக்கு எழுதும்போது வைனின் முழுப் பெயரும் அறுவடை வருஷமும் பற்றுச்சீட்டில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பக்கத்துப் பெட்டியை மாற்றித் தருவது அவசரத்தில் நடக்கக்கூடியது.

கொண்டுவந்த போத்தல்களை இரண்டு வாரம் ஆடாமல் கிடக்க விடுங்கள். சமையலறையில், அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் மேலே வைத்தால் ஒரு கோடையில் வெந்துவிடும். நிலவறை இல்லாத அடுக்குமாடியில் ஒரு வருஷத்துக்குள் முடியக்கூடிய அளவுக்கு மேல் வாங்குவதில் அர்த்தமில்லை. ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: இந்தியாவுக்குள் தீர்வையின்றி ஒருவருக்கு 2 லீட்டர்தான், அதாவது 75 சென்டிலீட்டர் போத்தல் இரண்டு, மூன்றாவதை எடுத்தால் கணக்கு மீறிவிடும்.

மற்ற மூன்றும் யாருக்கு?

மிஷேல் பெத்தான், தியெரி தெஸோவ் என்ற இரண்டு விமர்சகர்கள் நிறுவிய கிராண்ட் டேஸ்டிங், லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு அடியிலிருக்கும் கருசேல் அரங்கில் நடந்துவந்திருக்கிறது. 7ஆம் இலக்க மெத்ரோவில் வந்து பலே ரொயாலில் இறங்கினால் எட்டிவிடலாம். கட்டணம் சலோனைவிடப் பல மடங்கு. அதற்கு ஈடாகக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் பார்க்கும் பெயர்களை ஒரே கூரையின் கீழ் ருசிக்கலாம். தனிக் கட்டணத்தில் வகுப்புகளும் உண்டு. பெட்டியோடு வீடு திரும்புவதற்கான இடமல்ல. சலோனுக்கு இரண்டு மூன்று முறை போய், எது பிடிக்கிறது என்று ஓரளவு தெரிந்துகொண்டவர், ஒரே தோட்டத்தின் பழைய வருஷங்கள் எப்படி மாறுகின்றன என்று அறிய ஆசைப்பட்டால் அந்தக் காசு தகும். முதல் தடவைக்காரருக்குத் தகாது.

திருவிழாக்களில் மூத்தது பூர்கோனின் சாந் வான்சொந் தூர்னோந்த். 1938இல் தொடங்கியது, ஜனவரிக் கடைசியில் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு ஊரில் நடக்கும். விடியலில் ஒவ்வொரு கிராமத்துச் சங்கமும் தோட்டக்காரர்களின் காவல் புனிதரான சாந் வான்சொந்தின் சிலையைத் தோளில் தூக்கி ஊர்வலம் வரும் காட்சி, நம் ஊர்த் திருவிழாவில் வளர்ந்தவருக்கு மனதைத் தொடும். பிறகு கிளாஸும் கூப்பனும் வாங்கி ஊருக்குள் நடக்கலாம். ஆனால் ஊற்றப்படுவது பெரும்பாலும் ஊர்க்காரர்கள் சேர்ந்து கலந்து இந்த நாளுக்கென்றே தயாரித்த வைன். இவருடையதா அவருடையதா நல்லது என்று ஒப்பிட முடியாது. பூச்சியத்தை ஒட்டிய குளிரில் வைன் மணமும் அடங்கிப்போகும். பார்க்கப் போங்கள், வாங்கப் போகாதீர்கள். தடித்த காலணி அவசியம். திஜோன் வரை அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்கப்பால் ஊரைப் பொறுத்து உள்ளூர் ரயிலும் விழாப் பேருந்தும்.

அதே குளிர்காலத்தில் ஜூராவில் பெர்சே து வான் ஜோன் விழா. பீப்பாயைத் துளைத்து மஞ்சள் வைனை முதன்முதலாக வெளியே எடுக்கும் நாள் அது. சவாந்யன் திராட்சை வைனைப் பீப்பாயில் குறைவதை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள்; மேலே மதுநொதியின் ஆடை படரும்; அறுவடையிலிருந்து ஆறு வருஷம் மூன்று மாதமாவது காத்திருப்பார்கள். ஒரு லீட்டரில் ஆவியானது போக மிஞ்சுவதாகச் சொல்லப்படும் 62 சென்டிலீட்டர், கிளாவ்லான் என்ற குட்டைப் போத்தலில் வரும். முகர்ந்தால் நமக்கு உடனே பிடிபடும்: வறுத்த வெந்தயம். கற்பனையல்ல, வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான சோதொலோன் என்ற சேர்மமே இதிலும் இருக்கிறது. பிரெஞ்சு நண்பர்கள் பலர் முதல் மிடறில் முகம் சுளிக்கும் இந்த வைன், வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்த வீட்டில் வளர்ந்த மூக்குக்கு அந்நியமாகவே இராது. பால் கட்டிய மீன் சொதியோடு வைத்துப் பாருங்கள். இதற்காகவே ஜூராவுக்குப் போகலாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ரயில் வசதி குறைவு, கூட்டம் அதிகம். சலோனில் ஜூரா மேசைகளைத் தேடினால் அதே வைனை நெரிசலில்லாமல் ருசிக்கலாம். வாயில் நீண்ட நேரம் நிற்பதால் அதை நாளின் கடைசி மிடறாக வைத்துக்கொள்ளுங்கள்.

போர்தோவின் ஃபேத் லு வான் ஜூனில், கரோன் ஆற்றங்கரையில். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு பாஸ் வாங்கினால் கிளாஸும் குறிப்பிட்ட எண்ணிக்கை ருசிகளும். குடும்பத்தோடு, பிள்ளைகளோடு நடந்து திரியக் கூடியது இந்த நான்கு வழிகளில் இது ஒன்றுதான். ஆறு இருக்கிறது, இசை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. ஜூன் வெயிலில் சிவப்பு சூடாகிவிடும் என்பதால் பகலில் வெள்ளையும் கிளேரே என்ற வெளிர் சிவப்பும், இருட்டியபின் சிவப்பு என்று கூப்பனைப் பிரித்துச் செலவழியுங்கள்.

கடைசியாக, நிலவறைக்கே போவது. பாரிஸிலிருந்து சுலபமானது ஷாம்பேன்: கார் து லெஸ்திலிருந்து ரான்ஸ் முக்கால் மணி நேரம், எப்பெர்னே ஒன்றேகால் மணி நேரத்தைச் சுற்றி. பெரிய நிறுவனங்களின் சுற்றுலா நுழைவு கட்டணத்துக்கு ஒரு கிளாஸோடு முடிந்துவிடும். லேபிளில் சிறிய எழுத்தில் ஆர்.எம். (தன் திராட்சையில் தானே ஷாம்பேன் செய்பவர்) என்று போட்டிருக்கும் தோட்டக்காரரிடம் போனால் பீப்பாயிலிருந்தோ தொட்டியிலிருந்தோ இன்னும் நுரைக்காத அடிப்படை வைனையும் காட்டுவார். எலுமிச்சைபோலப் புளிக்கும் அதை ருசித்தபிறகு ஷாம்பேனில் நொதியும் காலமும் என்ன செய்கின்றன என்பது விளங்கும். ஒரு நாளில் மூன்று வீடுகளுக்கு மேல் வேண்டாம். சொல்லாமல் போனால் கதவு பூட்டியிருக்கும். ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் நேரம் கேளுங்கள். ஒன்றரை மணி நேரம் உங்களோடு செலவழித்தவரிடம் மூன்று நான்கு போத்தலாவது வாங்குவது அங்கத்தைய நடைமுறை. ஆகவே யாரென்றே தெரியாத வீட்டுக்குப் போவதைவிட, நவம்பர் சலோனில் வைனை ருசித்துப் பிடித்துப்போன மேசையில், எப்போது வரலாம் என்று நேரில் கேட்டுவிடுவது மேல். ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை கேட்காதீர்கள்: அறுவடையும் நொதிப்பும் நடக்கும் வாரங்களில் அவருக்குத் தூக்கமே நான்கு மணி நேரம்தான், நொதிக்கும் தொட்டியிலிருந்து எழும் கரியமில வாயுவால் நிலவறைக்குள் விருந்தாளியை இறக்குவதும் ஆபத்து.